விசிலுக்குப் பிறகு

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் துஷி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் சொன்ன பதில் பொய்யல்ல. ஆனாலும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது.

துஷி எங்கள் புட்போல் அணியின் வீடியோப் பகுதியில் புதிதாகச் சேர்ந்தவள். இங்கே கனடாவில், ரூஜ் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளை. கணினியில் கெட்டிக்காரி. அணியின் பழைய ஆட்டப் படங்களை எல்லாம் புதிய முறைக்கு மாற்றும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். இனி மைதானத்தில் கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் தேவையில்லை. மேலே பூட்டிய கமராக்கள் தாமே எடுத்து, தாமே வெட்டி, கோச்சின் கைக்கு அனுப்பிவிடும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லும்வரை இருப்பது மரியாதையில்லை என்று நானாகத்தான் முடிவெடுத்தேன்.

"அங்கிள், நீங்கள் எவ்ரிபடியையும் ஃபில்ம் பண்ணியிருக்கிறீங்கள். ஹூ வாஸ் த பெஸ்ட் குவாட்டர்பேக்?" என்று அவள் கேட்டாள்.

"கோல்" என்றேன். கோல் எங்களுக்குக் கிண்ணம் வென்று தந்தவர். அவருடைய படம் அலுவலக வாசலில் ஆளுயரத்தில் தொங்குகிறது. அந்தப் பதிலை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அவள் கேட்டதும் என் மனதில் முதலில் வந்த முகம் அவருடையது அல்ல.

நம்மவர்களுக்குப் புட்போல் என்றால் காலால் உதைப்பதுதான். என் மச்சான் ஒருமுறை ஓசி ரிக்கெட்டில் வந்து பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, "உதில காலால உதைக்கிறவன் எங்கயப்பா?" என்று கேட்டார். ஆகவே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைவரை கொண்டுபோக வேண்டும். பத்து யார்ட் முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்புக் கொடுப்பார்கள், கனடாவில் மூன்றுதான். ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்னால் அணி வட்டமாகக் கூடும். அதை ஹடில் என்பார்கள். அந்த வட்டத்தில் நின்று அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்பவன் குவாட்டர்பேக். பிறகு பந்து அவன் கைக்கு வரும். மதில் மாதிரி ஆட்கள் அவனை விழுத்த ஓடிவருவார்கள். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் அவன் பந்தை எறிந்தாக வேண்டும். முன்னே ஓடிப்போய் அதைப் பிடிப்பவன் ரிசீவர். மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் இந்தக் கதைக்குக் குறைவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். ஸ்காபரோவில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார விருந்தாளி நான் கமரா பிடிப்பதைப் பார்த்துவிட்டு, தங்கள் அணிக்கு ஓர் ஆள் தேவை என்றார். அவர்தான் கோச் வால்டர். அப்போது அவர் உதவிப் பயிற்சியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளராக வந்தவர். விளையாட்டில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்று சொன்னேன். தெரியாமல் இருப்பது நல்லது என்றார். அதற்கு அர்த்தம் முதல்நாள் மாலையே விளங்கியது.

அன்று நான் கல்யாண வீட்டில் செய்வதைத்தான் செய்தேன். பந்து போன பக்கமெல்லாம் கமராவும் போனது. குவாட்டர்பேக்கின் முகத்தைப் பெரிதாகக் காட்டினேன். தண்ணீர் குடிப்பவனை எடுத்தேன். ஒருவன் விழுந்தபோது அவனுடைய நண்பன் ஓடிவந்து கை கொடுத்ததை விடாமல் எடுத்தேன். கோச் வால்டர் அந்தப் படத்தைப் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"சிவா, வடிவாய்த்தான் எடுத்திருக்கிறீர். பொம்பிளை மாப்பிள்ளையைத்தான் காணேல்லை. எனக்கு ஒருத்தற்ற முகமும் வேண்டாம். எல்லாற்ற காலும் வேணும். ஹடில் கலைஞ்ச உடன தொடங்கும். விசில் அடிச்ச உடன நிப்பாட்டும். விசிலுக்குப் பிறகு நடக்கிறது விளையாட்டில்லை."

அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் அப்படித்தான் எடுத்தேன். ஒரு கமரா பக்கவாட்டில், உயரத்தில். இன்னொன்று எல்லைக்குப் பின்னால், மேலே உயர்த்தும் மேடையில். காற்று ஏரிப் பக்கத்திலிருந்து அடித்தால் மேடை ஆடும், விரல் விறைக்கும். விசில் அடித்ததும் பெருவிரல் தானாகப் பொத்தானை அமர்த்திவிடும்.

முகம் இல்லாமல் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் குவாட்டர்பேக்கைப் பற்றி ஏதோ கொஞ்சம் விளங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கையைப் பார்ப்பார்கள். எவ்வளவு தூரம் எறிகிறான், எவ்வளவு வேகமாக எறிகிறான் என்று வாயைப் பிளப்பார்கள். கை பலமில்லாதவன் இந்த மட்டத்துக்கு வருவதே இல்லை, ஆகவே அதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. பின்னால் நின்று எடுக்கும் கமராவில் காலைப் பார்க்க வேண்டும். ஆட்கள் நெருங்கி வரும்போது பயந்தவனின் கால் கண்டபடி துள்ளும். நல்லவனின் கால் சின்னச் சின்னதாக நகர்ந்து, எறியத் தயாரான நிலையிலேயே இருக்கும். அடுத்தது கண். எறியப்போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் எதிரணிக்காரன் முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிடுவான். கெட்டிக்காரன் தலையை ஒரு பக்கம் திருப்பி அவர்களை அங்கே அனுப்பிவிட்டு மறுபக்கம் எறிவான். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போய்விட வேண்டும். ரிசீவர் இன்ன இடத்தில் திரும்புவான் என்ற நம்பிக்கையில்தான் அதை எறிகிறான். அந்த நம்பிக்கை ஒருநாள் பயிற்சியில் வருவதல்ல.

இவ்வளவும் படத்தில் தெரியும். படத்தில் தெரியாத ஒன்றும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர் டெரல்.

டெரல் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த விளையாட்டுக்குக் கொஞ்சம் கட்டை. அங்கே இரண்டு மூன்று அணிகள் கழித்துவிட, வேறு ஊர்களில் அலைந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். பல காலம் இரண்டாவது ஆளாகவே மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். வாங்கில் இருக்கும் குவாட்டர்பேக்கின் வாழ்க்கை பொல்லாதது. எல்லாப் பாடமும் படிக்க வேண்டும், பரீட்சை மட்டும் எழுத விடமாட்டார்கள். கடைசியில் முதல் ஆள் ஓய்வு பெற்றார். அந்தப் பருவம் டெரலுக்கு முதல் இடம் கிடைத்தது. அதே பருவம் கோலும் வந்து சேர்ந்தார். உயரம், வயது, கை, எல்லாம் அவரிடம் இருந்தது. டெரல் சறுக்கினால் அந்த இடம் கோலுக்கு என்பது தேத்தண்ணி ஊற்றுபவருக்குக்கூடத் தெரியும். அந்த வயதில் இங்கே கழித்தால் வேறு எந்த அணியும் டெரலை எடுக்காது.

டெரலின் நம்பிக்கைக்குரிய ரிசீவர் ரே. அணியில் எல்லோருக்கும் மூத்தவர். டெரல் முதன்முதலில் வந்த காலத்தில், எப்போதாவது இறக்கிவிட்ட ஆட்டங்களில், பழக்கமில்லாத எங்கள் அகன்ற மைதானத்தில் தடுமாறிப் பந்தை எதிரணியின் கையிலேயே எறிந்துகொண்டிருந்தபோது, "நான்தான் பிழையாய் ஓடினனான்" என்று ரே பலமுறை தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்தப் படங்களை வெட்டியவன் நான். ரே ஒருபோதும் பிழையாக ஓடவில்லை.

இங்கே கோச் வால்டரின் படம் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலை எல்லோரும் இருட்டு அறையில் இருப்பார்கள். நான் பின்னால் இயந்திரத்தோடு இருப்பேன். ரிமோட் அவர் கையில். ஒரு காட்சியை முன்னும் பின்னும், முன்னும் பின்னுமாக ஓட்டுவார். சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். கெட்டுப்போன காட்சி வந்தால் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"இது ஆற்ற பிழை?"

பிழை விட்டவன் கையை உயர்த்தி "என்ர" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தக் காட்சிக்கு அவனுடைய பெயரைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒருவரும் சொல்லாவிட்டால் காட்சி அப்படியே உறைந்து நிற்கும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மூன்றாவது வரிசையில் சம்பந்தமே இல்லாதவன்கூடக் கையைத் தூக்கியிருக்கிறான்.

கோடை பாதி கழிந்தபோது ரேயின் தொடையின் பின் தசை பிடித்துக்கொண்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் காயத்தை மறைப்பது எல்லோரும் செய்வது. வயதுபோனவன் ஒருமுறை வாங்கில் இருந்தால் பிறகு எழும்பவே விடமாட்டார்கள் என்ற பயம். சும்மா நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. என் கமராவில் தெரிந்தது. பன்னிரண்டு யார்ட் ஓடித் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் பத்தில் திரும்பினார். முழு வேகத்தில் காலை ஊன்றி நிறுத்த அந்தத் தசை விடவில்லை.

டெரலுக்கும் தெரியும். அவர் ரே திரும்பக்கூடிய இடத்துக்கே எறியப் பழகினார். ஆனால் ஒருநாள் பத்து, ஒருநாள் பதினொன்று, சிலவேளை பன்னிரண்டு என்று அந்தக் கால் தானே முடிவெடுத்தது. நம்பி எறிந்த பந்து ரேயின் தலைக்கு மேலால் போய் விழும். பார்க்கிறவர்களுக்கு அது குவாட்டர்பேக்கின் பிழை. கூட்டம் டெரலைப் பார்த்து ஊளையிட்டது.

பந்து தவறியதும் விசில் அடிக்கும், நான் பொத்தானை அமர்த்துவேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கமரா இல்லாத என் கண் பார்த்தது. டெரல் தன் இடத்திலிருந்து நேரே ரேயிடம் ஓடுவார். தோளில் கை போட்டு, ஏதோ முக்கியமாகத் திட்டம் பேசுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, ரேயை மெதுவாக நடத்திக்கொண்டு வருவார். ரேக்கு எங்கள் வாங்கு இருந்த பக்கத்தில்தான் எப்போதும் அவர் நடப்பார். கோச்சுக்கும் ரேயின் காலுக்கும் நடுவில் டெரல் நின்றார். கூட்டம் தன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவனின் நொண்டலை உடம்பால் மறைத்துக்கொண்டு நடந்தவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. திரும்ப ஹடிலுக்கு வந்ததும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்காக அவர்கள் சுவரை இடித்துக்கொண்டும் போயிருப்பார்கள்.

அடுத்த நாள் இருட்டு அறையில் அந்தக் காட்சி வரும். முன்னும் பின்னும் ஓடும். நிற்கும்.

"இது ஆற்ற பிழை?"

ரே வாயைத் திறப்பதற்குள் டெரல் சொல்லிவிடுவார். "என்ர பிழை, கோச்."

கோச் அவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு டெரலின் பெயரைப் போடுவார். வாரத்துக்கு வாரம் அந்தப் பெயருக்கு நேரே பிழைகள் கூடிக்கொண்டு போயின. ஒருநாள் எல்லோரும் போன பிறகு நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கோச் போகாமல் கதிரையில் இருந்தார்.

"சிவா, ரேயின்ர காலைப் பாத்தனீரே?"

"ஓம் கோச். பத்தில திரும்புறார்."

"எனக்கும் தெரியுது. கண் இருக்கிற எல்லாருக்கும் தெரியுது."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் டெரலின்ர பேரைப் போடுறீங்கள்?" என்று கேட்டேன். அந்த அறையில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் கோபிக்கவில்லை. நான் கொண்டுவந்து வைத்திருந்த மட்டன் ரோல்ஸில் ஒன்றை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நான் படத்தைக் காட்டி ரேயைப் பிடிச்சால், நாளைக்கு ஒவ்வொருத்தனும் உம்முடைய கமராவைப் பொலிஸ் எண்டு நினைப்பான். என்னட்டை ஒருத்தனும் உண்மை சொல்லமாட்டான். அதை டெரல் வந்து சொல்ல வேணும். குவாட்டர்பேக்குக்கு ரெண்டு வாய் வேணும், சிவா. மைதானத்தில எல்லாத்தையும் தன்ர தலையில போடுற வாய் ஒண்டு. இந்தக் கதவைச் சாத்தினாப் பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுற வாய் ஒண்டு. அவனிட்டை முதலாவது இருக்கு. ரெண்டாவதுக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் சொன்னதில் எனக்குப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

கடைசியாக ஒருநாள் டெரலைத் தனியாகக் கூப்பிட்டார். என்னையும் இயந்திரத்தோடு இருக்கச் சொன்னார். முந்தைய நாள் தோற்ற ஆட்டத்தின் கடைசிக் காட்சி. ரே பத்தில் திரும்ப, பந்து தலைக்கு மேலால் போனது. கோச் ஒருமுறை ஓட்டினார், பிறகு இன்னொருமுறை. ரேயின் கால் மண்ணில் ஊன்றுகிற இடத்தில் நிறுத்தினார். இதைவிட வெளிச்சமாக ஒரு மனிதனிடம் கேட்க முடியாது.

"டெரல், இந்த அறையில நாங்கள் மூண்டு பேர்தான். இது ஆற்ற பிழை?"

டெரல் திரையையே பார்த்தார். நான் மனதுக்குள் சொல்லடா, சொல்லடா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில்களுக்கு எல்லாம் நேர்த்தி வைத்திருப்பேன், அவ்வளவு பதைப்பு.

"என்ர பிழை, கோச்" என்றார்.

கோச் எழுந்து லைற்றைப் போட்டார். டெரலுக்குக் கை கொடுத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாக அந்தக் கையைப் பிடித்திருந்தார். மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஒருவர் லொக்கர் அறைக்கு வந்து, கோச் கூப்பிடுகிறார், ஆட்டத் திட்டங்கள் உள்ள ரப்லெற் கணினியையும் எடுத்துக்கொண்டு வாரும் என்றார். ரப்லெற்றைக் கேட்டால் அணியில் கதை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். டெரல் போகும்போது மேடையடியில் நின்ற எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரப் பயிற்சியில் ரே நன்றாகவே ஓடினார். பயிற்சி வேகத்துக்கு அந்தக் கால் தாங்கியது. ஆட்டத்தில் கோல் எறிந்த பந்து கோச் வரைந்து கொடுத்த இடத்துக்கு, சொன்ன நேரத்துக்கு, அச்சொட்டாகப் போனது. குறை சொல்ல ஒன்றுமில்லாத எறி. அதை எட்டிப்பிடிக்க ரே முழு வேகத்தில் போய்க் காலை ஊன்றினார். தசை அறுந்தது. விசில் அடித்தது, நான் கமராவை நிறுத்தினேன். மேடையிலிருந்து பார்த்தபோது அவர் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தார். அவரிடம் ஓடிப்போக அன்று டெரல் இல்லை. மருத்துவர்கள்தான் போனார்கள். ரே அதன்பிறகு விளையாடவில்லை.

கோச் வால்டர் அடுத்த நாள் அந்தக் காட்சியை அறையில் போடவில்லை. அது யாருடைய பிழை என்று கேட்கவும் இல்லை. அடுத்த பருவம் கோல் கிண்ணத்தை வென்றார். கோச் ஊர்வலத்தில் கையசைத்தார், சில வருடங்களில் ஓய்வு பெற்றுப் போனார். அந்தக் கை கொடுத்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பிறகு ஒருபோதும் கதைக்கவில்லை.

டெரலை நான் போன வருடம் கண்டேன். மைத்துனியை அழைத்துவர மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். விமானம் தாமதம். "சிவா!" என்று ஒரு குரல். ஹடிலில் கேட்ட அதே குரல், திரும்பாமலே தெரிந்தது. பெட்டிகள் கையாளும் பகுதியில் மேற்பார்வையாளராக இருக்கிறாராம். இங்கேயே கல்யாணம் செய்து பிக்கரிங்கில் குடியிருக்கிறார். கோப்பி வாங்கிக்கொண்டு இருந்தோம். பழைய ஆட்களை விசாரித்தோம். கடைசியில் நானே கேட்டேன்.

"ரே எப்பிடி? கதைக்கிறனீரே?"

டெரல் கோப்பி மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். "அவன் என்னோட கதைக்கிறேல்லை. காலை இழுத்துத்தான் நடக்கிறான். கடைசியாய்க் கதைக்கேக்க சொன்னவன், 'நீ அண்டைக்குச் சொல்லியிருந்தால் என்னைக் கொஞ்சநாள் வாங்கில இருத்தியிருப்பினம். கால் சுகப்பட்டிருக்கும். நான் இன்னும் ரெண்டு மூண்டு வருசம் ஓடியிருப்பன்' எண்டு."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். "அவரும் சொல்லாமல்தானே மறைச்சவர்? உமக்கு இடமே போச்சுதே. நீர் என்ன பதில் சொன்னீர்?"

"என்ர பிழை எண்டு சொன்னன்."

முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து இருப்பார். அன்று குனிந்துகொண்டு சொன்னார். யாரையும் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் ரே நொண்டி நடக்கிறாரே, அதற்கு நான் என்ன சொல்வது? கோச் கேட்ட இரண்டாவது வாய் அவரிடம் இருந்திருந்தால் டெரல், ரே, கோல் என்று மூன்று பேருடைய வாழ்க்கையும் வேறாக இருந்திருக்கும். அந்த முதல் வாயோ, எனக்குத் தெரிந்த வேறெந்தக் குவாட்டர்பேக்கிடமும் அவ்வளவு இருந்ததில்லை. அதற்குள் யாரோ பெட்டி மாறிவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, மன்னிப்புக் கேட்டபடியே அந்தப் பயணியிடம் ஓடினார்.

இனித் துஷியிடம் வருகிறேன். என் கடைசி நாள் அன்று அவள் மேசையில் பழைய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன். திரையில் அந்தக் காட்சி. ரே திரும்புகிறார், பந்து தலைக்கு மேலால் போகிறது, விசில், கறுப்பு. தொடக்கமும் முடிவும் அளவெடுத்ததுபோல எடுத்திருந்தேன். டெரல் ஓடிப்போய் ரேயின் தோளில் கை போடுவதற்குச் சற்று முன்னால் என் பெருவிரல் அதை வெட்டியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் நான் அப்படி நிறுத்தியிருந்தால் பொம்பிளை வீட்டார் என்னைத் துரத்தியிருப்பார்கள். நான் கண்ட மிகச் சிறந்த குவாட்டர்பேக்கை அவர் சிறந்தவராக இருந்த நேரத்தில் நான் ஒருமுறையும் எடுக்கவில்லை.

"அங்கிள், புது சிஸ்டத்தில ஒவ்வொரு பிளேக்கும் எரர் ஆற்ற எண்டு போட வேணும்" என்றாள் துஷி. "இதில ஓல்ட் டேட்டா டெரல் எண்டு இருக்கு. பட் லுக், ரிசீவர் எர்லியாத் திரும்புறார். திஸ் இஸ் நொட் ஹிஸ் ஃபோல்ட், ரைட்? நான் மாத்தட்டே?"

பிள்ளை கெட்டிக்காரிதான். சரியாகப் பிடித்துவிட்டாள். அவள் விரல் விசைக்கு மேலே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. மாற்று என்று சொன்னால் போதும், டெரலின் பெயரிலிருந்து ஒரு பிழை போய்விடும். அது ரேயின் பெயருக்கு வரும். ரப்லெற்றைக் கையில் பிடித்தபடி நடந்துபோன டெரலை நினைத்துக்கொண்டேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "அவர் தன்ர எண்டுதான் சொன்னவர். அப்பிடியே விடு."

துஷி தோளைக் குலுக்கிவிட்டு வேறு விசையை அமர்த்தினாள். அடுத்த காட்சி வந்தது.